சீனா போன சடகோபன்

முப்பது வருசமா கடைச் சரக்கு வாங்க மெட்ராஸுக்கு மின்சார ரயில்ல போய் வரவன் நான். பாதி நாள் வாசல்ல தொங்கிகினுதான் போவேன். அப்பேர்ப்பட்ட நான் ஒரு முடிவு பண்ணேன். சாவறதுக்குள்ள மணிக்கு முன்னூறு கிலோமீட்டர் ஓடற ரயில்ல, ஜன்னலோரமா, கால் மேல கால் போட்டுப் போயே தீருவேன்னு.

வாய்ப்பு வீட்டைத் தேடி வந்துது. எம் பையன் எழிலன் சீனாவுல சாங்ஷாங்கிற ஊர்ல மெஷின் கம்பெனியில வேலை பார்க்கிறான். விமானம் இறங்கறது வேற ஊர். அங்கிருந்து அதிவேக ரயில்ல தனியா வரணும். "ரெண்டு பேருக்கும் விசா வந்திடுச்சு. ஆனா ஆடிக்கிருத்திகை நேரம், கடையை மூட முடியாது. யாரா இருந்தாலும் ஒருத்தர்தான் வர முடியும், நீங்களே பேசி முடிவு பண்ணுங்க"ன்னான். திருத்தணி மலையடிவாரத்துல எங்களுக்கு அர்ச்சனைத் தட்டுக் கடை. அந்தக் கூட்டத்துல மூடினா முருகனே மன்னிக்க மாட்டாரு.

"நான் போறேன்"னு நானா சொல்ல முடியுமா? பெத்தவ அவளாச்சே. அதனால என் வீட்டம்மா புஷ்பலதா வாயாலயே "எனக்கு வேணாங்க"ன்னு வர வைக்கணும். ஒரு வாரம் யூடியூப்ல சீன ரயில் பத்தின யோசனையெல்லாம் பார்த்தேன். நல்லதை வுட்டுட்டேன், பயமுறுத்தறதை மட்டும் பொறுக்கினேன். இன்னொரு பக்கம், பிரவுசிங் சென்டர் ஹேமாவதிகிட்ட யாருக்கும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிகினு, என் பேருக்கு ரயில் டிக்கெட்டும் போட்டுட்டேன். விமான டிக்கெட்டுக்கு முன்னாடி ரயில் டிக்கெட் போட்ட ஒரே ஆள் நானாத்தான் இருப்பேன்.

சாயங்காலம் அவ பூ கட்டிகினு இருந்தா. பக்கத்துல உக்காந்து பெருமூச்சு வுட்டேன்.

"அந்த ரயிலு ஸ்டேஷன்ல ரெண்டு நிமிசம்தான் நிக்குமாம் புஷ்பா. அதுக்கும் முன்னாடியே கேட்டை வேற மூடிடுவானாம்."

"ரெண்டு நிமிசமா? அரக்கோணத்துல அத்தினி நேரம் நின்னா நான் மூணு கூடையை ஏத்திட்டு, உங்களையும் தேடிப் புடிச்சி ஏத்துவேனே."

"பையெல்லாம் மெஷின்ல வுட்டுப் பார்ப்பான். கத்தி இருந்தா புடுங்கிக்குவான்."

"ரயில்ல நான் எதுக்குங்க கத்திரிக்கா நறுக்கப் போறேன்?"

"சாப்பாடு வாய்ல வைக்க முடியாது. சுடுதண்ணி மட்டும்தான் பெட்டிக்குப் பெட்டி குழாய்ல வரும்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

"ரொம்ப நல்லதாப் போச்சு. சுக்குப் பொடி எடுத்துனு போறேன்."

போறேன்னு வேற சொல்லிட்டா. அடுத்ததை எடுத்து வுட்டேன்.

"சீட்டு கூட ஒழுங்கா இருக்காது. ஏ, பி, சி, டின்னு போயி நேரா எஃப் வந்துடும். ஈயே கிடையாது."

"ஈயே இல்லியா? அப்ப வண்டி சுத்தமாத்தான் வச்சிருக்கான். நம்ம கடையில வெல்லத்துக்கிட்ட வந்து பாருங்க."

"பாஷை? ஒருத்தனுக்கும் தமிழ் தெரியாது. தெலுங்கும் தெரியாது."

"நான் சொல்றது புரியாத ஆளோட இருவத்தெட்டு வருசம் குடும்பம் நடத்தலியா? ரெண்டு மணி நேரம் ரயில்ல ஓட்ட மாட்டனா?"

கடைசியா பெரிய குண்டா எடுத்துப் போட்டேன். "பாஸ்போர்ட்தான் டிக்கெட்டு. அதுல பேரு எப்படி இருக்குதோ அப்படியே போட்டிருக்கணும். ஒரு எழுத்து மாறினாலும் உள்ள வுட மாட்டான்."

பூ கட்டற கை நின்னுது. "இனிஷியல் போட்டா?"

"இனிஷியலா? சீனாக்காரன்கிட்ட அது செல்லுமா? அப்பா பேரு முழுசா இருக்கணும்."

"அப்ப ஹேமாவதிகிட்ட எதுக்கு கே. சடகோபன்னு போடச் சொன்னீங்க?"

நான் ஃபேனைப் பார்த்தேன். அது பாட்டுக்கு சுத்திகினு இருந்துது.

"அவ சத்தியத்தை மீறலைங்க. 'இனிஷியலோடவே போடச் சொன்னாரு அண்ணன், சரியாக்கா?'ன்னு சந்தேகம்தான் கேட்டா."

"அ... அதை மாத்திக்கலாம் புஷ்பா."

"ஆங், மாத்தலாம். ஆனா இவ்ளோ கஷ்டமான ஊருக்கு உங்களை எப்படிங்க தனியா அனுப்புவேன்? கேட்டை மூடிடுவான், பாஷை தெரியாது, சோறு கிடைக்காது. நீங்கதானே சொன்னீங்க? எழிலன்கிட்ட நேத்தே பேசிட்டேன். 'அப்பா தொலைஞ்சிடுவாரும்மா, நீயே வா'ன்னுட்டான். என் டிக்கெட்டை ஹேமாவதி பாஸ்போர்ட்டைப் பார்த்தே போட்டுட்டா."

முந்தானையால கண்ணைத் துடைச்சிக்கினா. அது நடிப்பா நெசமான்னு எனக்கு இன்னி வரைக்கும் தெரியலை.

கிருத்திகை அன்னிக்கு கடையில மூச்சு வுட முடியாத கூட்டம். அப்பத்தான் ஓடற ரயில்லேந்து வீடியோ கால்ல வந்தா. ஜன்னலோரம். கையில சுக்குத் தண்ணி.

"ஒரு கஷ்டமும் இல்லீங்க. கேட்ல ஒரு பொண்ணு பாஸ்போர்ட்டைப் பார்த்துச்சு. இந்த ஊர்ல குடும்பப் பேருதான் முதல்ல சொல்லுவாங்களாம். என்னுதுல அந்த இடத்துல உங்க பேருதானே இருக்குது? 'சடகோபன்'னு கூப்பிட்டுச்சு. ஆங்னுட்டு உள்ள வந்துட்டேன்."

ஆக, சடகோபன் ஆசைப்பட்டபடியே முன்னூறு கிலோமீட்டர் வேகத்துல போயாச்சு. நான்தான் போவலை.