ஏழு கிணறும் ஒரு கமராவும்

"தவராசா, இனியும் பாத்துக்கொண்டிருக்க ஏலாது. பதினொரு மணிக்கு எனக்கு ரவுணில இன்னொரு வீட்டுக் கிரியை கிடக்கு," என்றார் ஐயர்.

"இன்னும் அஞ்சு நிமிசம் ஐயா. வீடியோக்காரர் வந்திடுவார்."

தவராசா இந்த ஐந்து நிமிடத்தைக் கேட்பது நாலாவது தடவை. விரலில் தர்ப்பை, இடுப்பில் ஈரவேட்டி, முன்னால் வாழையிலை. கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் பக்கத்தில் ஒரு மரநிழலில் உட்கார்ந்தபடி வீதியையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா போய் அன்றைக்கு முப்பத்தொரு நாள். இராவணன் தன் தாய்க்குக் கடன் செய்த இடம் என்பதால், திருகோணமலையில் யாருக்குத் தாய் போனாலும் இங்கேதான் வந்து செய்வார்கள். தவராசா காணிக் கந்தோரில் இருபத்தாறு வருடம் எழுதுவினைஞர். ஒரு கடிதத்தைக்கூட முத்திரை கோணலாக விழுந்தால் திரும்ப அடிக்கிற மனிதர். அம்மாவின் காரியத்தில் மட்டும் பிசகு வர விடுவாரா?

ஆனால் அவருடைய கவலை அம்மாவைப் பற்றியதல்ல. ரொறன்ரோவில் இருக்கும் அக்கா குணேஸ்வரியைப் பற்றியது. அகதி வழக்கு முடியாததால் அவரால் அந்த நாட்டை விட்டு அசைய முடியாது. செத்தவீட்டு வீடியோவை அனுப்பினார்கள். அன்றைக்கென்று பார்த்து மழை. படம் எடுத்தவன் குடைக்குள் நின்று எடுத்ததில் அம்மாவின் முகத்தைவிடக் குடைக்கம்பிதான் கூடத் தெரிந்தது.

"தம்பி, அம்மாவின்ர முகம் எனக்குக் கிடைக்கேல்லை," என்று அக்கா தொலைபேசியில் அழுதார். "முப்பத்தொண்டையாவது ஒழுங்காக் காட்டு. கூட இருந்த உனக்கு என்ர நிலைமை விளங்காது."

அந்தக் கடைசி வசனம் தவராசாவின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டேயிருந்தது. அதனால்தான் மனைவி பத்மாசனி தானே ரவுணுக்குப் போய், நல்ல ஸ்டூடியோ ஒன்றைப் பிடித்து ஒழுங்கு செய்திருந்தாள். காலையில் சமையலுக்கு நடுவே புறப்பட்டவரிடம் கண்டிப்பாகச் சொல்லியும் அனுப்பினாள்.

"ஒன்பது மணிக்கு அங்க கமராவோட ஆள் நிக்கும். நீங்கள் உங்கட கந்தோர்ச் சட்டம் கதைச்சு அந்தாளைக் குழப்பாதைங்கோ. அவர் சொல்றபடி செய்யுங்கோ."

மணி ஒன்பதே முக்கால். ஆளைக் காணவில்லை. வந்தது ஒரு பஸ்.

சண்டை நின்று சமாதானம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. பன்னிரண்டு வருடம் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காத சனமெல்லாம் புற்றீசலாக வந்து இறங்கியது. இந்த பஸ் கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து வந்தது. நாற்பது பேர். ஆளுக்கொரு வாளி, சவர்க்காரம், துவாய். ஒருவர் கையில் பாடிக்கொண்டிருக்கும் ரேடியோ.

அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு, பெரிய கமராவைத் தோளில் வைத்தபடி, தொப்பி போட்ட ஒருவர் நேரே தவராசாவிடம் வந்தார். தவராசாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஏன் தம்பி இவ்வளவு நேரம்?"

"வழியெல்லாம் ஆமிக்காரர் மறிச்சு மறிச்சுப் பாத்தவங்கள், அண்ணை. தொடங்கேல்லையோ இன்னும்?"

"உங்களைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறம். ஒண்டும் விடாமல் எடுக்கோணும், தம்பி."

"விடுவனோ? இதுகளை எடுக்கத்தானே இவ்வளவு தூரம் வந்தனான்."

பொறுப்பான ஆள் என்று தவராசா உள்ளுக்குள் மெச்சினார். கமராவைக் கண்டதும் ஐயருக்கும் பதினொரு மணி மறந்துபோனது. சால்வையைச் சரிசெய்துகொண்டு, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு சத்தமாக மந்திரம் தொடங்கினார்.

முதல் பிண்டம் வைத்தவுடன் கமராக்காரர் கையை உயர்த்தினார். "அண்ணை, பின்னால ஒருத்தர் முதுகு தேய்க்கிறது படத்தில விழுகுது."

தவராசா திரும்பிப் பார்த்தார். முதுகு மட்டுமா? ரேடியோவும் பாடிக்கொண்டிருந்தது. அக்கா இதைப் பார்த்தால் என்ன நினைப்பார்? எழுந்து போய்க் கும்பிட்டுக் கேட்டார்.

"பிள்ளையள், இது என்ர அம்மாவின்ர முப்பத்தொண்டு. கொஞ்சம் அங்கால தள்ளி நிண்டு குளிக்கேலுமோ?"

"ஐயோ, அந்தியேட்டியோ?" என்றார் மஞ்சள் சேலை கட்டிய ஒரு அம்மாள். "எங்கட பிள்ளையள் இதொண்டும் கண்டதில்லை. எல்லாரும் வாங்கோ, வந்து பாருங்கோ."

முதுகு தேய்த்த ஒருவரை அகற்றப் போனவருக்கு நாற்பது பார்வையாளர்கள் கிடைத்தார்கள். சவர்க்கார நுரையோடு வந்து வட்டமாக நின்று, எள்ளு எதற்கு, தர்ப்பை எதற்கு என்று ஐயரிடம் விளக்கம் கேட்டார்கள். ஐயரும் மந்திரத்தை நிறுத்திவிட்டு விளக்கம் சொன்னார். தவராசாவின் பொறுமை கரைந்தது. கந்தோரில் கூட்டத்தைக் கலைக்க அவர் பாவிக்கிற முறை ஒன்று உண்டு. இல்லாத விதியொன்றைச் சொல்லிவிடுவது.

"துடக்குக் காரியத்துக்குக் கிட்ட நிண்டவை ஏழு கிணத்திலையும் முழுகினாத்தான் தீட்டுக் கழியும். பிறகு என்னைக் குறை சொல்லாதைங்கோ."

சொல்லி வாய் மூடவில்லை, கூட்டம் பறந்தது. வெற்றி என்று நினைத்தார். குளிக்க வந்த சனத்திடம் குளிக்கச் சொன்னது ஒரு நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. ஏழு கிணற்றையும் நாற்பது பேர் வளைத்துக்கொண்டார்கள். அள்ளுவதும் ஊற்றுவதும் சூட்டில் துள்ளுவதுமாக, கன்னியாவே ஒரு கலியாணவீடாகிப் போனது. நடுநடுவே ஆளனுப்பிச் சந்தேகம் வேறு கேட்டார்கள்.

"அண்ணை, வரிசை பிசகினா திரும்ப முதலில இருந்தோ?"

"அண்ணை, கண்ணாடியைக் கழட்டிப்போட்டு முழுகோணுமோ?"

"தவராசா, சொம்பில தண்ணி முடிஞ்சுது. கிணத்தில இருந்து கொண்டு வாரும்," என்றார் ஐயர்.

ஈரவேட்டியோடு தவராசா வரிசையில் நின்றார். முன்னால் பதினொரு பேர். தன் அம்மாவின் காரியத்துக்குத் தானே வரிசையில் நிற்பதைக் கமராக்காரர் அக்கறையாகப் படம் எடுத்தார். "இயல்பா இருக்கு, அப்பிடியே நில்லுங்கோ," என்றார். பத்மாசனி சொன்னது நினைவு வந்ததால் தவராசா அப்படியே நின்றார்.

தண்ணீரோடு திரும்பியபோது வாழையிலை வெறுமையாக இருந்தது.

"ஐயா, பிண்டம் எங்க?"

ஐயர் சால்வை மடிப்பைச் சரிபார்ப்பதை விட்டு நிமிர்ந்து, கையைக் காட்டினார். ஏழு கிணறும் முழுகி முடித்த மஞ்சள் சேலை அம்மாள், சுற்றி நின்றவர்களுக்கு உருண்டை உருண்டையாகக் கிள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, நீங்களும் கொஞ்சம் எடுங்கோ. பிரசாதம். எள்ளு வாசம் நல்லா இருக்கு, உப்புத்தான் காணாது."

"அம்மா, அது என்ர அம்மாவுக்கு வைச்சது," என்றார் தவராசா மெல்ல.

ரேடியோ நின்றது. மென்றவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். விழுங்குவதா, துப்புவதா என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மஞ்சள் சேலை அம்மாளின் கண் நிரம்பிவிட்டது. "நான் ஒரு பாவி. உங்கட அம்மா என்னை மன்னிப்பாவோ?"

அந்த முகத்தைப் பார்த்ததும் தவராசாவின் கோபம் போன இடம் தெரியவில்லை. அம்மா இருந்திருந்தால் நாற்பது பேருக்கும் தேத்தண்ணி ஊற்றியிருப்பார். "மன்னிப்பா. வீட்டுக்கு வந்தவையைச் சாப்பிடாமல் அனுப்பினதில்லை அவ," என்று சொன்னார். முப்பத்தொரு நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது.

"அண்ணை, இந்தப் பக்கம் திரும்பி அழேலுமோ? வெளிச்சம் காணாது," என்றார் கமராக்காரர்.

தவராசா திரும்பி அழுதார். கமராவின் கறுப்புக் கண்ணுக்குள் அக்காவே இருப்பது போலத் தோன்றியது. இத்தனை நாள் தொலைபேசியில் வாய்வரை வந்து விழுங்கிய கதை தானாக வெளியே வந்தது.

"அக்கா, நான் ஒண்டை மறைச்சுப்போட்டன். அம்மா கடைசியாக் கூப்பிட்டது உங்களைத்தான். எட்டு வருசம் பக்கத்தில இருந்து பாத்தவன் நான். அவ கூப்பிட்டது உங்களை. பொறாமையில சொல்லேல்லை. நான் 'அக்கா வந்திட்டா' எண்டு பொய் சொன்னனான். அவ சிரிச்சுக்கொண்டுதான் கண்ணை மூடினவ. நீங்கள் வரேல்லை எண்டு இனி அழாதைங்கோ."

கமராக்காரர் ஒரு கையால் தன் கண்ணைத் துடைத்தார். "இதுவும் கிரியையில ஒரு பகுதியோ, அண்ணை?"

"ஓம் தம்பி. முக்கியமான பகுதி."

பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. மிஞ்சிய சோற்றில் ஐயர் புதிதாகப் பிண்டம் பிடித்தார். மஞ்சள் சேலை அம்மாள் தங்களுக்கும் எள்ளுத்தண்ணீர் விட இடம் கேட்டார். அப்படியொரு வழக்கம் இல்லை என்று சொல்ல ஐயர் வாயெடுத்தார். கமரா தன் பக்கம் திரும்புவதைக் கண்டு, "தாராளமா," என்றார். நாற்பது பேரும் தலை நீர் சொட்ட வரிசையாக வந்து, முன்பின் தெரியாத ஒரு கிழவிக்கு எள்ளும் தண்ணீரும் விட்டார்கள். ஒரு சத்தமில்லை. நேரம் பார்த்தாற்போல ஒரு காகமும் வந்து பிண்டத்தைக் கொத்தியது.

தவராசா திரும்பி அந்த வரிசையைப் பார்த்தார். பெற்ற பிள்ளைகளில் ஒருவர் மட்டும் நின்ற இடத்தில் நாற்பது பேர். இந்தப் படத்தைப் பார்த்தால் அக்கா நெஞ்சு நிறைய அழுது, நிறைய வருடங்களுக்குப் பிறகு நிம்மதியாக நித்திரை கொள்வார்.

"எல்லாம் எடுத்தாச்சு அண்ணை, ஒரு துளியும் தப்பேல்லை," என்று கமராக்காரர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஐயர் ஓட்டோ பிடித்து ரவுணுக்கு ஓடினார். தவராசா கடைசி முழுக்குக்குப் போனார். ஏழு கிணறும் அவருக்காகவே காலியாக இருந்தன. இளஞ்சூட்டுத் தண்ணீரை ஒவ்வொன்றாக அள்ளித் தலையில் ஊற்ற ஊற்ற, முப்பத்தொரு நாள் பாரமும் இறங்கியது. பஸ் புறப்படும் சத்தம் கேட்டது. ஜன்னல் நிறையக் கைகள் அசைந்தன, நடுவே ஒரு தொப்பியும் அசைந்தது. கண்ணுக்குள் தண்ணீர் வழிய அவரும் மனதாரக் கையசைத்தார்.

தலையைத் துடைத்துக்கொண்டு மரத்தடிக்கு வந்தார். கமராக்காரரைக் காணவில்லை. சோடா குடிக்கப் போயிருப்பார் என்று கடைப் பக்கம் எட்டிப் பார்த்தார். அங்கேயும் இல்லை. அப்போது ஒரு வழுக்கைத் தலை மனிதர், மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். தோளில் ஒரு கறுப்புப் பை தொங்கியது.

"தவராசா அண்ணன்தானே? நான் தாஹிர், பத்மாசனி அக்கா ஒழுங்கு செய்த வீடியோக்காரன். வழியில டயர் காத்துப் போயிட்டுது, ஐயர் இன்னும் தொடங்கேல்லைத்தானே?"