முபாறக்கின் உடன் மீன்

ஐஸ் மீன் இனித் தன் வாய்க்குள் போகாது, அன்றன்று பிடித்த உடன் மீன்தான் வேண்டும் என்று முபாறக் அறிவித்தபோது, அவர் மனைவி ஸுல்பிகா ஐஸ் பெட்டியைத்தான் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சாய்ந்தமருதில் அந்த வீடு அவளுடைய சீதனம். பெட்டி அவள் தம்பி வாங்கிக் கொடுத்தது. தம்பி அபுல் ஹஸன் படகுக்காரன். கரையேறிய கையோடு மீனைக் கழுவிக் கொண்டுவந்து பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போவான். முபாறக்குக்கென்று அந்த வீட்டில் மிஞ்சியது ஒரு மோட்டார் சைக்கிளும் ஒரு நாக்கும்தான்.

அந்த நாக்கு வெளியே சொல்லாத காரணம் ஒன்று உண்டு. மீன் வாங்கப் போகிறேன் என்று விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டுக் கிளம்பினால், கடற்கரைத் தேநீர்க் கடையில் ஆசைதீர அரசியல் பேசலாம். பெட்டி நிறைய மீன் கிடந்தால் அந்தச் சாட்டுக்கு ஆபத்து.

“ஐஸுல வெச்சா சத்துச் செத்துப் போகும், புள்ள.”

“கரைக்கு வாற மீனெல்லாம் செத்ததுதானே, மச்சான்.”

“உடன் மீன்ட ருசி வேற!”

“அப்ப ரெண்டு சட்டி ஆக்குறன். உடன் மீன் எதெண்டு சரியாச் சொன்னா பெட்டியத் தம்பிக்கே திருப்பிக் குடுக்கிறன். பிழைச்சா நான் சொல்றதக் கேக்கோணும்.”

“ஓம்!” என்றார் முபாறக். சந்தோஷத்தில் அன்று இரண்டு தரம் குளித்தார்.

மறுநாள் கடற்கரையில் செவுள் சிவந்த பாரை ஒன்றை வாங்கி, மோட்டார் சைக்கிளில் தொங்கவிட்டார். பிறகு தேநீர்க் கடையில் அரசாங்கத்தை இரண்டு முறை கவிழ்த்துவிட்டு வீடு வந்தார்.

மத்தியானம் இரண்டு சட்டியும் முன்னால் வந்தன. மனிதருக்கு உண்மையிலேயே அறியும் ஆசை வந்துவிட்டது. கண்ணாடியை மாட்டினார். மோந்தார். சதையை விரலால் அமுக்கிப் பார்த்தார். ஒன்றைத் தின்று, தண்ணீர் குடித்து, மற்றதைத் தின்றார்.

“இந்தா, இதுதான் உடன் மீன்! என்ன இனிப்பு! மற்றது வெறும் வைக்கோல். வல்லா...”

“சத்தியம் பண்ணிராதீங்க மச்சான், பாவம்!”

“ஏன்?”

“ரெண்டும் ஐஸ் மீன்.”

முபாறக் இரண்டு சட்டியையும் மாறிமாறி மோந்தார்.

“அப்ப நான் கொண்டுவந்த பாரை?”

“பழுதாப் போயிட்டு. பூனையும் மோந்து பாத்திட்டுப் போயிட்டுது.”

“இது கள்ளம்!”

“என்ன கள்ளம்? ரெண்டும் ஐஸ் மீன் எண்டு சொல்லியிருந்தா நீங்கதானே வெண்டிருப்பீங்க!”

முபாறக் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு கேட்டார்: “மெய்யாவே சத்துக் குறையாதா, புள்ள?”

“கரைக்கு வந்த உடன ஐஸுக்க போட்டா அவ்வளவாக் குறையாது. வெயில்ல தொங்கினாத்தான் கெடும். உங்கட மீனுக்குப் பேருதான் உடன் மீன். வீட்ட வந்து சேர உச்சி வெயில், லுஹராகுது.”

முபாறக் அந்த ‘வைக்கோலை’யும் மிச்சம் வைக்காமல் தின்றார். பிறகு மெல்லக் கேட்டார்:

“கடற்கரைக்குச் சும்மா போய் வரலாந்தானே?”

“நாளையிலருந்து சுபஹ் தொழுதிட்டு நேரா வீட்ட வாங்க, மச்சான். தேங்காய் திருவுற நேரம் எனக்கும் அரசியல் சொல்லித் தாங்க.”