முப்பத்தொரு படிவம், முப்பத்தொரு படிப்பு

யாராவது ஒரு தாளை நீட்டி, "உங்க கருத்து எங்களுக்கு ரொம்ப முக்கியம்" என்று சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். வங்கியில் நீட்டுவார்கள், ஆஸ்பத்திரியில் நீட்டுவார்கள். வாங்கி நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிடுவேன். ஏன் என்று கேட்டால் வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு மானம் போனது அவர்களுக்கா, எனக்கா?

தொண்ணூறுகளின் கடைசி அது. பெல்மதுளைக்கு மேலே ஒரு தோட்டத்தில், பிள்ளைக்காம்பராவில் எனக்கு வேலை. கொழுந்து பறிக்கப் போகும் அம்மாமார் விட்டுவிட்டுப் போகிற குழந்தைகளுக்குப் பால் கரைத்து, பாட்டுச் சொல்லிக்கொடுத்து, தொட்டில் ஆட்ட வேண்டும். வயது இருபத்திரண்டு. (வாய்க்கு மட்டும் நாற்பத்திரண்டு.) முன்பள்ளி ஆசிரியர் சான்றிதழ் இருந்தால்தான் வேலை நிரந்தரம் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் இருந்தபடியே படித்து, இடைக்கிடை வகுப்புக்குப் போகிற தொலைக்கல்விப் பல்கலைக்கழகம் ஒன்றில் அந்தப் படிப்பு இருந்தது. அதன் கிளையும் இரத்தினபுரியில், கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஆனால் தமிழில் படிக்க வேண்டுமென்றால் கண்டிக்குப் போக வேண்டுமாம்! இரத்தினபுரித் தமிழ்ப் பிள்ளைக்கு மூளை கண்டிக்குப் போனால்தான் வேலை செய்யுமா? எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை.

அப்பாவுக்குத் தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில் வேலை. பேச்சு மிகக் குறைவு. "இரத்தினபுரின்னா போ. கண்டியெல்லாம் வேணாம்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். வழியெல்லாம் சோதனைச் சாவடி இருந்த காலம். பஸ்ஸை நிறுத்தினால் எல்லோரும்தான் இறங்குவார்கள். ஆனால் நம்முடைய அடையாள அட்டையை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். (அதற்குத் தனியாக ஒரு நாள் உட்கார்ந்து கோபப்பட வேண்டும்.) அப்பாவோ காரணம் ஒன்றும் சொல்லவில்லை. பிடிவாதம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.

நேரே இரத்தினபுரிக் கிளைக்குப் போய்ச் சண்டை போட்டேன். அங்கே தமிழ் பேசுகிற ஒரே ஆள், டவுனைச் சேர்ந்த முஸ்லிம் கிளார்க் ஒருவர். எல்லோருக்கும் அவர் 'நானா', அதாவது அண்ணன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கட்டுப் படிவத்தையும் ஒரு கடிதத்தையும் கையில் கொடுத்தார்.

"தங்கச்சி, என்ன பாடநெறி வேணும்டு இதுல ஆக்கள எழுதச் சொல்லுங்க. இருபத்தஞ்சு பேர் சேந்தா இங்கயே தமிழ்ல வகுப்புத் தொடங்கலாம். வெவரமெல்லாம் கடிதத்துல இருக்கு."

கடிதம் இரண்டு பக்கம். முழுக்கச் சிங்களம். தமிழ் ஆட்கள் என்ன படிக்க ஆசைப்படுகிறார்கள் என்று விசாரிக்கிற கடிதம் சிங்களத்தில்! எனக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு, பேசுவதில். வாசிப்பதென்றால் எழுத்துக்கூட்ட வேண்டும். முதல் பக்கம் முடிவதற்குள் கோபம் தலைக்கேறி, அப்படியே மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

செய்தி தெரிந்து யூனியன் தலைவர் வந்தார்.

"பேப்பரு பூராவும் எங்கிட்ட குடு புள்ள. எல்லாத்துலயும் ஒன்னோட படிப்பையே எழுதி வச்சிரு. காலையில பெரட்டுக்களத்துல அஞ்சு நிமிசத்துல கையெழுத்து வாங்கித் தாறேன்."

காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடுகிற இடம்தான் பெரட்டுக்களம். அங்கே தலைவர் எந்தத் தாளை நீட்டினாலும் கேள்வி கேட்காமல் கையெழுத்து விழும். பெட்டிசன், கோயில் திருவிழா, புதுத் துரைக்கு வரவேற்பு, எதுவானாலும் சரி.

எனக்குப் பொங்கிவிட்டது. "வாசிக்காம கையெழுத்துப் போட்டுப் போட்டுத்தான் தலைவரே நாம இன்னமும் இப்பிடிக் கெடக்கோம்!"

"சரிங்க டீச்சரம்மா" என்று பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலை பெரட்டுக்களத்தில் ஒரு கல்லின் மேல் ஏறி நின்றேன். "உங்க மனசுல என்ன படிக்கணும்னு இருக்கோ, அத எழுதுங்க! படிவத்துல பொய் எழுதக்கூடாது! அடுத்தவங்களுக்காக எழுதக்கூடாது!" பலமாகக் கைதட்டினார்கள். (மழைக்காக அரை நாள் லீவு என்று கணக்கப்பிள்ளை அறிவித்ததும் அதே நேரம்தான் என்று பிற்பாடு தெரிந்தது.)

மூன்று நாள் தோட்டத்து வீட்டு வரிசைகளில் லயம் லயமாக அலைந்தேன். எழுத முடியாதவர்களுக்கு, சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். ஒன்றுக்கொன்று ஒட்டாமல்தான் இருந்தன. அடடா, எங்கள் சனத்துக்குத்தான் எத்தனை ஆசை என்று பூரித்துப்போனேன். மடச்சி! அப்பா தன்னுடையதைத் தானே எழுதி, மடித்துக் கட்டின் அடியில் செருகினார். என்னுடையதோடு சேர்த்து முப்பத்தொன்று. வகுப்பு வந்த மாதிரிதான் என்று பிள்ளைக்காம்பராக் குழந்தைகளுக்கெல்லாம் அன்றைக்கு இரண்டு பிஸ்கட்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, கொழும்பிலிருந்து மேடம் வருகிறார், விண்ணப்பித்தவர்களும் வாருங்கள் என்று தகவல் வந்தது. பத்துப் பதினைந்து பேர், தலைவர், அப்பா, நான் என்று இரத்தினபுரிக்குப் போய் வரிசையாக உட்கார்ந்தோம். நான் புதுச் சேலை வேறு. மேடத்துக்குத் தமிழ் தெரியாது. நானா ஒவ்வொரு படிவமாகச் சத்தமாக வாசித்துச் சிங்களத்தில் சொல்லத் தொடங்கினார்.

"அட்டை கடிக்காமல் மலை ஏறும் படிப்பு."

மேடம் லேசாகச் சிரித்தார்.

"துரை இங்கிலீசில் ஏசும்போது என்ன ஏசுகிறார் என்று விளங்கிக்கொள்ளும் படிப்பு. திருப்பி என்ன சொல்லலாம் என்பது இரண்டாம் வருசம்."

மேடம் பேனாவை மூடி வைத்தார்.

"எந்த வியாதிக்கும் ஒரே வெள்ளைக் குளிசை தருகிற தோட்டத்து டிஸ்பென்சரி ஐயாவுக்கு, வேறு நிறத்திலும் குளிசை உண்டு என்று படிப்பித்துக் கொடுக்கும் படிப்பு. அவர்தான் படிக்க வேண்டும், நான் இல்லை."

"ஒரு காம்பராவில் மூன்று குடும்பம் சண்டை இல்லாமல் இருக்கும் படிப்பு."

"எனக்கு ஒரு படிப்பும் தேவை இல்லை. எல்லாம் தெரியும்." (இது தலைவர்.)

மேடம் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது? இவற்றில் எது வேண்டாத படிப்பு, சொல்லுங்கள் பார்ப்போம்! அந்த டிஸ்பென்சரி ஐயாவுக்கு இன்றைக்கும் யாராவது அதைப் படிப்பித்தால் புண்ணியமாகப் போகும்.

நானா மெல்ல என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, கடிதத்துல ரெண்டாம் பக்கம் பாக்கல்லயா? இருபத்தஞ்சு பேரும் ஒரே பாடநெறியக் கேக்கணும்டு போட்டிருக்கே."

ரெண்டாம் பக்கம்! வாசிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று கல்லில் ஏறிக் கத்தியவள் வாசிக்காத பக்கம். முன்பள்ளி ஆசிரியர் படிப்புக்கு ஒரே ஒரு வாக்கு, அதுவும் நான் எனக்கே போட்டது. பின்வரிசையிலிருந்து தலைவர், "நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா?" என்றார். பூமி பிளந்து என்னை விழுங்கக்கூடாதா என்றிருந்தது.

கடைசியாக இருந்தது நாலாக மடித்த படிவம். நானா பிரித்தார். வாசிக்காமல் ஒரு தடவை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி வாசித்தார்.

"மகள் கண்டிக்குத் தனியாகப் போய் வரும் வரைக்கும் தகப்பன் பயப்படாமல் இருக்கும் படிப்பு."

சிங்களத்தில் சொல்லி முடித்ததும் மேடத்தின் சிரிப்பு நின்றது. "அனே!" என்று இரக்கப்பட்டார். யார் எழுதியது என்று கேட்டார். அப்பா எழுந்து நின்றார்.

"நாந்தாங்க நோனா. பொய் எழுதக்கூடாதுன்னு எங்க புள்ள சொல்லிச்சு."

அந்தப் பாடநெறி எங்களிடம் இல்லை, எந்தப் பல்கலைக்கழகத்திலும் இருக்காது என்றார் மேடம். வருத்தமாகத்தான் சொன்னார். ஆனாலும் வகுப்புக் கிடைக்கவில்லை. சட்டம் சட்டம்தான்.

திரும்பும் பஸ்ஸில் நான் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். பெல்மதுளைச் சந்தி வந்ததும் அப்பா எழுந்தார்.

"கண்டியிலயே பதிஞ்சிடுவோம். நீ உள்ள படி. நான் வெளிய நிக்கிறேன்."

நின்றார் ஐயா, நின்றார்! ஒன்றரை வருசம், ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், முதல் பஸ்ஸில் என்னோடு ஏறி, வகுப்பு யன்னலுக்கு வெளியே குடையோடு நின்றார். கூடப் படித்த பெண்கள் அவரைக் காவலாளி என்று நினைத்துச் செருப்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அவரும் பார்த்துக்கொண்டார். எனக்குத்தான் வெட்கம் பிடுங்கித் தின்றது. சான்றிதழ் வாங்கினேன், வேலையும் நிரந்தரமானது.

இப்போது சாவடியும் இல்லை, எனக்கும் தலை நரைத்துவிட்டது. ஆனால் கூட்டம், பயிற்சி என்று எங்கே போனாலும், பஸ் அவிசாவளை தாண்டுவதற்குள் அப்பாவிடமிருந்து நாலு போன் கோல் வந்துவிடும். ஐந்தாவது கோல் தம்பியுடையதாக இருக்கும்.

"அக்கா, வாசல்லயே நிக்கிறாரு. இந்த வருசமும் பெயிலு."