பானெட்டுக்கு நாடி பார்த்தவர்

பழைய கார் வாங்குகிறவர்கள் முன்பெல்லாம் கூடவே ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போவார்கள். நல்லவேளை, அந்த இருண்ட காலம் ஒழிந்தது. கார்ச்சந்தைக்கே நாடி ஐயா வந்துவிட்டார். பானெட்டின் மேல் கை வைப்பார், கண்ணை மூடுவார், வண்டியின் ஆத்மாவோடு பேசுவார். பேச்சு முடிந்ததும் கண்ணாடியில் ஒரு தங்கநிற ஸ்டிக்கர். ஒட்டிய வண்டிக்கு விலை ஒன்றரை மடங்கு. ஞாயிற்றுக்கிழமையானால் கேட் வரைக்கும் கூட்டம்.

அந்தக் கூட்டத்தில் முடிதிருத்துகிறவர் ஒருவரும் நின்றார். பன்னிரண்டு வருடமாக அவர் கடைச் சுவரில் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் படம். அதன் பெருமையைக் கேட்காமல் அந்த நாற்காலியை விட்டு எழுந்தவர் எவரும் கிடையாது. அதே கார், கொஞ்சம் பழசு, இன்று கண்ணெதிரே. சேர்த்ததெல்லாம் சட்டைப்பையில் செக்காக இருந்தது. ஏமாந்தால் இன்னொரு பன்னிரண்டு வருடம் கத்திரிக்கோல் பிடிக்க வேண்டும். அவர் மனைவி நகரப் பேருந்து ஓட்டுநர். காலை ஷிப்டை முடித்துச் சீருடையோடு வந்திருந்தாள்.

"ஒரு மெக்கானிக்கிட்ட காட்டிடலாங்க."

"ஐயா கை வைக்கிறப்போ மெக்கானிக் எதுக்கும்மா? சந்தேகப்பட்டா ஆத்மா வாயே திறக்காது" என்றார் அந்த வண்டியை விற்க வந்த தரகர்.

ஐயா வந்தார். நின்றிருந்த வண்டியின் முன்பக்க பானெட்டில் உள்ளங்கையைப் பதித்தார். தரகர் ஏனோ இருமினார். அதை உற்சாக இருமல் என்று எடுத்துக்கொண்ட ஐயா, காதையும் வைத்தார்.

"துடிக்குது. எஞ்சின் என் கைக்குக் கீழேயே துடிக்குது."

தரகருக்கு இருமல் முற்றியது.

"எத்தனை சிலிண்டர் பேசுதுங்க ஐயா?" மனைவி பணிவாகக் கேட்டாள்.

"ஆறும் பேசுது தாயே. கடைசி ஒண்ணு மட்டும் அழுவுது. நல்லவங்க கைக்குப் போகணும்னு ஏங்குது."

முடிதிருத்துகிறவருக்குக் கண் கலங்கிவிட்டது. கை சட்டைப்பைக்குப் போனது.

மனைவி கார்க் கதவைத் திறந்து, உள்ளே இருந்த விசையை இழுத்தாள். பானெட் எழும்பியது. ஒரு ஜாக்கி, ஒரு கிழிந்த குடை. எஞ்சின் மருந்துக்கும் இல்லை.

"இதுல எதுங்க ஐயா அழுவுது? ஜாக்கியா, குடையா?"

கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

"அது வந்து... சூட்சும எஞ்சின்" என்றார் ஐயா.

"அப்போ சூட்சுமமா ஒரு ஸ்டிக்கர் ஒட்டிட்டுக் கிளம்புங்க. நான் ஓட்டுற பஸ்லயே எஞ்சின் பின்னாடிதான்." பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். "இந்தக் காருக்கு எஞ்சின் சீட்டுக்குப் பின்னாடின்னு பன்னிரண்டு வருஷமா ஊருக்கே பாடம் எடுத்தது யாருங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். அவருக்குத் தெரியும், நன்றாகவே தெரியும். ஐயாவின் கை பானெட்டில் பட்டதும் தெரிந்ததெல்லாம் விடுப்பில் போய்விட்டது.

மறுநாள் மெக்கானிக் வந்தார். ஆறிக் கிடந்த எஞ்சினை ஓடவிட்டு, நீலப் புகையைக் காட்டி, எண்ணெய் எரிகிறது என்றார். விலை பாதிக்கு இறங்கியது. பழுது பார்த்த வண்டி இப்போது கடை வாசலில் நிற்கிறது.

நாடி ஐயா வேறொரு சந்தையில் பழைய ஃபிரிட்ஜ்களுக்கு நாடி பார்க்கிறாராம். அங்கேயும் கேட் வரைக்கும் கூட்டமாம்.

எஞ்சின் முன்னாலும் இருக்கலாம், பின்னாலும் இருக்கலாம். உங்கள் தலை கழுத்துக்கு மேலேதான் இருக்கிறது. முடி வெட்டிக்கொள்வது தவிர வேறு எதற்காவது அதைப் பயன்படுத்திப் பாருங்கள்.