சமையலறையில் ஒரு கொக்கி

"நோலீன், கிச்சன்ல ஒரு பெரிய கொக்கி உக்காந்து பிக்கி தின்னுது!"

மற்ற பிள்ளைகளெல்லாம் மதியத் தூக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருக்க, தூக்கத்தோடு ஜென்மப் பகை கொண்ட நாலு வயது வில்லோ மட்டும் அலுவலக வாசலில் வந்து நின்று இந்த அணுகுண்டைப் போட்டாள். குழந்தைகள் காப்பகத்தை நடத்தும் நோலீன் குடித்துக்கொண்டிருந்த தேநீர் மூக்கு வழியாக வெளியே வந்தது.

கூராலி ஊர்க்காரர்கள் பேசும்போது வாயை முழுசாகத் திறப்பதில்லை. திறந்தால் ஈ புகுந்துவிடும். அதனால் எல்லாச் சொல்லையும் பாதியில் வெட்டி, வாலில் ஒரு 'இ'யை ஒட்டிவிடுவார்கள். பிஸ்கட் பிக்கியாகும், மஸ்கிட்டோ மொஸ்ஸியாகும். அதிலும் சிக்கனம் பிடித்து, 'கொக்கி' என்ற ஒற்றைச் சொல்லைக் கரப்பானுக்கும் கொண்டைக் கிளிக்கும் கரும்பு விவசாயிக்கும் பங்குபோட்டுக் கொடுத்துவிட்டார்கள். எது எந்தக் கொக்கி என்பதை இடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான். சமையலறைக் கொக்கியில் யாருக்கு என்ன சந்தேகம்?

"எவ்வளவு பெருசு கண்ணு?"

வில்லோ இரண்டு கைகளையும் விரித்தாள். போதாமல் நுனிக்காலில் எம்பினாள்.

வடக்கு குயின்ஸ்லாந்தின் கரப்பான்களைப் பார்த்தவர்களுக்கு அது ஒன்றும் நம்ப முடியாத அளவில்லை. நோலீன் நம்பினாள்.

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. சுற்றிலும் கரும்புக் காடு சூழ்ந்த அந்தக் குழந்தைகள் காப்பகத்தின் வாசலில் 'விஷமில்லா மையம்' என்று ஒரு பலகை தொங்கியது. அதற்காக அவள் படாத பாடில்லை. தவழ்கிற பிள்ளை தரையில் கிடப்பதையெல்லாம் வாய்க்குக் கொண்டுபோகும். பெரியவர்கள் ஒரு மூச்சு விடுவதற்குள் அது இரண்டு மூச்சு இழுக்கும். அப்படிப்பட்ட தரையில் பூச்சிமருந்து அடிப்பதும் பால்புட்டியில் ஊற்றுவதும் ஒன்றுதான் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசி வாங்கிய பலகை அது. அதைப் புதுப்பிக்க ஆய்வாளர் வரப்போகும் நேரத்தில் சமையலறையில் கொக்கி! பெற்றோர் குழுத் தலைவர் வார்விக் காதுக்கு எட்டினால் போச்சு. கரப்பானின் மீசை தெரிந்தால் போதும், ஹெலிகாப்டரில் வந்து மருந்தடிக்க வேண்டும் என்பார் அவர்.

விதி என்றால் நோலீனுக்கு விதிதான். செருப்பு, ஷூ எல்லாம் வாசலிலேயே கழற்ற வேண்டும். வயலில் மருந்தடித்த உடுப்போடு யாரும் கேட்டைத் தாண்டக் கூடாது. அறுவடை மும்முரத்தில் அப்படியே ஓடிவந்த ஓர் இளம் தகப்பன், மாற்றுச் சட்டை இல்லாமல், உள்ளாடையோடு வேலியோரம் நின்று மகளை வாங்கிக்கொண்டு போன காட்சியை ஊர் இன்னும் மறக்கவில்லை.

விதியை மதிப்பதில் முதல் ஆள் அவள் கணவர் டெஸ்தான். சொந்தக் கரும்புக்கு மருந்தடித்துவிட்டு வந்தால் கேட்டுக்கு வெளியே யூட் என்கிற தன் சரக்கு வண்டியில் சாய்ந்தபடி கைகட்டி நிற்பார். சாது. டாக்டர் அவருக்குச் சர்க்கரை வியாதி என்று சொன்ன நாளிலிருந்து நோலீன் வீட்டில் இனிப்பென்று பேர் சொல்லக்கூட விடுவதில்லை. அதற்கும் அவர் முணுமுணுத்ததில்லை.

"கொக்கியா? யூட்லயே மருந்து டிரம் கெடக்கு நோலி. ஒரே ஒரு அடி, ஜாதி முழுசும் காலி" என்றார் அன்று சாயங்காலம்.

"அந்த டிரம் இந்தக் கேட்டுக்குள்ள வந்துச்சு, நீ அதோடயே குடித்தனம் நடத்திக்க."

"சும்மா கேட்டேன்" என்று டெஸ் யூட்டோடு இன்னும் ஒட்டிக்கொண்டார்.

மறுநாளே நோலீன் போரில் இறங்கினாள். தின்பண்டங்களையெல்லாம் டப்பாக்களில் அடைத்தாள். சுவரிலும் சன்னலிலும் கண்ட விரிசலையெல்லாம் கண்ணாடி ஒட்டும் புட்டிப் பசை வைத்து அடைத்தாள். புட்டி வாசனை எட்டியதும் ஊரிலிருந்த வெள்ளைக் கொண்டைக் கிளிகள் மொத்தமும் கூரையில் வந்திறங்கி, புட்டியைத் தின்று, சன்னல் ரப்பரைத் தின்று, கடைசியில் ஒரு கண்ணாடியையே கழற்றிக் கீழே போட்டன.

"கரப்பான் கொக்கிக்கு வெச்சதைக் கிளிக் கொக்கி தின்னுட்டுப் போயிடுச்சு" என்றாள் சமையல்காரி டோட். ஸ்மோக்கோ என்று அந்த ஊரார் சொல்லும் தேநீர் இடைவேளையை எதற்காகவும் விட்டுக்கொடுக்காதவள் அவள். பிள்ளைகள் தூங்கியதும் முன்வாசல் மரத்தடிக்குப் போனால், அவர்கள் எழுந்த பிறகுதான் சமையலறைக்குத் திரும்புவாள். "ஆனா நோலீன், இந்தப் பொட்டலத்தைப் பாரு. பாதி பிக்கியைக் காணோம். மிச்சம் நமுத்துப் போகக்கூடாதுன்னு வாயை மடிச்சு வேற வெச்சிருக்கு. ரொம்ப நல்லா வளர்ந்த கொக்கி."

"எகத்தாளம் பண்ணாதே டோட். போய் பசைத்தாள் வாங்கிட்டு வா."

மருந்தில்லாத பசைத்தாள்களைச் சமையலறைத் தரை முழுக்கப் பரப்பினார்கள். கரப்பான் ஒன்றும் சிக்கவில்லை. வார்விக் சிக்கினார். ஷூவை வாசலில் கழற்றிவிட்டுக் காலுறையோடு எட்டிப் பார்க்க வந்தவர் ஒரு தாளில் வலது காலையும், அதைப் பிடுங்கப் போய் இன்னொன்றில் இடது காலையும் வைத்தார். நிலைதடுமாறி மூன்றாவதில் உட்கார்ந்தார். அவரைப் பிரித்தெடுக்கக் கால்சட்டையைத் தியாகம் செய்ய வேண்டியிருந்தது.

"கரப்பானுக்கு வெச்ச பசையா இது? யானைக்கு வெச்சதா?" என்று மேசை விரிப்பை இடுப்பில் சுற்றிக்கொண்டு அவர் அலறினார். "ஒரு பாட்டில் ஸ்ப்ரேயில முடியிற விஷயம்மா இது!"

"தாராளமா அடிங்க வார்விக். உங்க வீட்டுல, உங்க தட்டுல."

வார்விக் நேரே போய் மேலிடத்துக்குப் புகார் எழுதினார்.

அடுத்து நோலீன் மூன்று கோழிகளை வரவழைத்தாள். கோழி கரப்பானைக் கொத்தும், மருந்தும் வேண்டாம், மாயமும் வேண்டாம். கோழிகளைக் கூண்டோடு கேட்டு வரை கொண்டுவந்து கொடுத்தவர் டெஸ்தான். கேட்டுக்குள் ஒரு கால் வைக்கவில்லை. கோழிகள் பிள்ளைகளின் களிமண்ணைத் தின்றன, மணல்தொட்டியைக் கழிப்பறை ஆக்கின. கோழி வாசனை பிடித்துக்கொண்டு கரும்புக் காட்டிலிருந்து மலைப்பாம்பு ஒன்று கிளம்பி வந்தது. விஷமில்லாத பாம்பு; அந்த வகையில் பலகைக்குப் பொருத்தமான விருந்தாளி. அது மாறுவேடப் பெட்டிக்குள் சுருண்டு படுத்தது. ராணி வேடம் போட்டுக்கொண்டிருந்த வில்லோ அதைத் தூக்கி ஓர் ஆசிரியை கழுத்தில் போட்டு, "உங்களுக்கு இந்த மாலை நல்லா இருக்கு" என்றாள். மாலை நாக்கை நீட்டியது. ஆசிரியை மூர்ச்சையான அந்தக் கணத்தில்தான் ஆய்வாளர் இமோஜென் வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

இமோஜென் சிரிக்கத் தெரியாத பெண்மணி. பாம்பைத் தாண்டினார், கோழியைத் தாண்டினார். கையுறை மாட்டிக்கொண்டு தரை, மேசை, கைப்பிடி, டப்பா எல்லாவற்றையும் ஈரப் பஞ்சால் துடைத்துக் குப்பிகளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஒரு வாரம் கழித்து, பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் திரும்பி வந்தார். பேச்சுச் சத்தம் தூங்குகிற பிள்ளைகளுக்குக் கேட்காத இடம் சமையலறை ஒன்றுதான். நோலீனும் வார்விக்கும் அங்கே அவரோடு உட்கார்ந்தார்கள். அடுக்களை மேடையில், அன்று காலைதான் நோலீன் திண்டுக்கல்லே வியக்கும்படி பெரிய பூட்டொன்றை மாட்டியிருந்த பிக்கி டப்பா இருந்தது. தூங்க மறுத்த வில்லோ மேசைக்கடியில் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"பூச்சிமருந்து இருக்கு" என்றார் இமோஜென்.

நோலீன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். "இருக்கவே முடியாது. ஒரு சொட்டு அடிச்சதில்லை. இந்தப் பிள்ளைங்க மேல சத்தியமா."

"விஷமில்லா மையமாம்!" வார்விக்குக்கு வாயெல்லாம் பல். "கழட்டுங்க பலகையை. காரணம் சொல்ல முடியலைன்னா கதவையே சாத்த வேண்டியதுதானே?"

"நீங்கதான் அடிச்சிருப்பீங்க வார்விக். என்னை மாட்டிவிட."

"நானா? நான் உள்ள வந்தது ஒரே ஒரு தடவை. அன்னிக்கு உங்க பசையில ஒட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்!"

"சண்டையை நிறுத்துங்க" என்றார் இமோஜென். "இதுல ஒரு விசித்திரம் இருக்கு. கொக்கிக்கு அடிச்சிருந்தா சுவரோரம், தரை, மூலையெல்லாம் இருக்கணும். அங்க சுத்தமா இல்லை. இருக்கிறது பின்கதவுக் கைப்பிடியில, அந்த மூலை நாற்காலியில, பிக்கி டப்பா மூடியில. அதுவும் வீட்டு மருந்து இல்லை. கரும்புக்கு அடிக்கிறது."

"காத்துல வந்திருக்குமோ?" என்றாள் நோலீன், அழாக்குறையாக.

"காத்து வந்து நாற்காலியில உக்காராது."

"கரப்பான் வயல்லேர்ந்து கால்ல ஒட்டிட்டு..."

"இங்க கரப்பானே இல்லை மேடம். ஒரு முட்டை, ஒரு புழுக்கைகூட இல்லை. இவ்வளவு சுத்தமான சமையலறையை நான் பார்த்ததே இல்லை. இங்க கொக்கி இருக்குன்னு உங்ககிட்ட யார் சொன்னது?"

நோலீன் மேசைக்கடியில் கையைக் காட்டினாள்.

அப்போது, கரும்புக் காட்டைப் பார்த்திருந்த பின்பக்கத்து வலைக்கதவு, நன்றாக எண்ணெய் போட்ட கதவைப்போலச் சத்தமே இல்லாமல் திறந்தது. மருந்து டிரம்மின் வாடை முதலில் உள்ளே வந்தது. அதற்குப் பின்னால் ஒரு வியர்த்த தொப்பி, பொட்டுப் பொட்டாக மருந்து தெறித்த ஒரு சட்டை, பழக்க தோஷத்தில் பார்க்காமலே பிக்கி டப்பாவை நோக்கி நீண்ட ஒரு கை.

மேசைக்கடியிலிருந்து வில்லோ பதறிக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஓடிடு கொக்கி, ஓடிடு! நோலீன் பிக்கி டப்பாவுக்குப் பூட்டுப் போட்டுட்டாங்க!"