காவேரிப்பாக்கம் படுதாவை ஜெபராஜுக்குக் கொடுக்க வேண்டாம்

வேலூர்,
பவ வருஷம், தை மாதம்.

காவேரிப்பாக்கம் திரௌபதியம்மன் கோயில் தர்மகர்த்தாவும் என் அக்காள் கணவருமாகிய மாமா அவர்கள் சமூகத்துக்கு, நாடகப் படுதா எழுதும் மைத்துனன் காசிநாதன் தெண்டனிட்டு எழுதிக்கொண்டது. அவ்விடத்தில் தாங்களும் அக்காளும் நிரம்பிய ஏரிபோல் சௌக்கியமாயிருக்க அம்மனை வேண்டுகிறேன். இவ்விடத்தில் நானும் என் சம்சாரம் தேவகியும் உடம்புக்குச் சௌக்கியம். மனசுக்குத்தான் சௌக்கியமில்லை. காரணம் ஜெபராஜ்.

பங்குனி பாரதக் கூத்துக்குப் புதுப் படுதா எழுத அவனைக் கூப்பிடலாமா என்று கோயில் கூட்டத்தில் பேச்சு வந்ததாக அக்காள் எழுதியிருக்கிறாள். மாமா, அந்த ஒரு படுதாவை நம்பித்தான் இருக்கிறேன். அதுவும் போனால் தோல் மண்டியில் கட்டுகளுக்கு மார்க் போடப் போக வேண்டியதுதான். அவன் எழுதிய யானையைப் பார்த்து லாங் பஜார் குழந்தைகள் எருமை என்கிறார்கள். ஆனாலும் ஊரில் விழா என்றால் அவன் படுதாதான் தொங்குகிறது. பொறாமை என்பாள் அக்காள். ஆமாம், பொறாமைதான். வயிறு எரிகிறது.

நானும் சும்மா இருக்கவில்லை. போன மாசியிலேயே தேவகி சொன்னாள்: "வூட்டுல குந்திக்கினு எழுதினா யாருக்குத் தெரியும்? இந்த வருசம் ஒரு திருவிழா விடாம போங்க. நாலு பெரிய மனுசங்க கண்ணுல படுங்க. ஜெபராஜ் அண்ணன் அப்படித்தான செய்யுது!" அவள் வாயிலும் அவன் பெயர்தான். சரியென்று மயானக் கொள்ளைத் திருவிழாவுக்குப் பாலாற்றங்கரை போனேன். அங்கே நாடக சபாக் காரியதரிசியின் தோளில் கை போட்டுக்கொண்டு ஜெபராஜ் பொரி தின்கிறான். நான் கும்பிட்டேன். காரியதரிசி என்னை ஏற இறங்கப் பார்த்து, "இன்னாப்பா, நீ ஜெபராஜோட அசிஸ்டென்ட்டா?" என்றார். வைகாசியில் குடியாத்தம் சிரசுத் திருவிழா. ஜனக்கூட்டத்தில் நான் நசுங்கிக்கொண்டிருக்க, அவன் மாடியில் மிராசுதார்களோடு நீர்மோர் குடித்துக்கொண்டு, "காசிண்ணா! மேல வாங்க!" என்று கத்துகிறான். காது கேளாதவன்போல் வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் ஆம்பூரில் தோல் வியாபாரி இஷ்தியாக் அகமது சாயபு வீட்டுக் கல்யாணம். பெரிய மனிதர், நாடகப் பிரியர், அவர் மனசில் இடம் பிடித்துவிடலாம் என்று, அவருடைய முகத்தையே ஆள் உயரத்துக்குத் துணியில் எழுதி, பஸ்ஸின் மேலே கட்டிக்கொண்டு போனேன். சாயபு பார்த்தார். தாடியைத் தடவினார். "தத்ரூபமா கீது மாஸ்டர். ஆனா உருவப்படம் மாட்றது எங்க வூட்ல வழக்கமில்ல. தப்பா நெனச்சிக்காதீங்க, பிரியாணி சாப்ட்டுத்தான் போவணும்" என்றார். நிமிர்ந்து பார்த்தால் கதவு, நிலை, பந்தல் முகப்பு எல்லாம் பூவும் கொடியுமாகச் சித்திரம். எழுதியவன் யார் என்று கேட்கவும் வேண்டுமா? அவன் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போயிருக்கிறான். பிரியாணி எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. இரண்டாம் முறை போட்டது மட்டும் எப்படியோ இறங்கியது. படத்தைத் திரும்பக் கொண்டுவந்து, குல்லாய்க்கு மேல் ஜடாமுடி எழுதித் துரோணாச்சாரியார் ஆக்கி வைத்திருக்கிறேன். தங்கள் பாரதத்துக்கு உதவும்.

ஆகையால் மாமா, ஜெபராஜ் அங்கே வந்து பல்லைக் காட்டினால் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பிவிட வேண்டும். அக்காளுக்கு என் அன்பு. குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். திரௌபதியம்மன் தங்கள் வாக்கில் நின்று என் பெயரைச் சொல்ல வைப்பாளாக.

இப்படிக்கு,
காசிநாதன்

பி.கு.: உறை ஒட்டப் பசை தேடும்போது ஜெபராஜே வந்துவிட்டார். மூலையில் நான் எழுதிவைத்திருந்த நிலாப் படுதாவைக் கிட்டப் போய் உற்றுப் பார்த்தார். பிறகு, "காசிண்ணா, எனக்கு நாலு பேர்கிட்டப் பேசத்தான் வரும். இந்த நிலா எனக்கு செத்தாலும் வராது. உங்க கை மேல எனக்கு ரொம்ப நாளா பொறாமைண்ணா" என்றார். மாமா, அவருக்கு என்மேல் பொறாமையாம்! இதைச் சொல்ல எத்தனை பெரிய மனசு வேண்டும்! கண் கலங்கிவிட்டேன். காவேரிப்பாக்கத்தில் யாரையாவது தெரியுமா என்று கேட்டார். தங்கள் பெயரை நான்தான் சொன்னேன். படுதாவை அவருக்கே கொடுத்துவிடவும். நாளைக் காலை பஸ்ஸில் வருகிறார், சாப்பாடு போட்டு நன்றாகக் கவனிக்கவும். தபால் செலவு எதற்கு என்று இக்கடிதத்தையும் அவரே வாங்கிக்கொண்டார். தங்களுக்குக் கடிதத்தை வாய்விட்டுப் படிக்கிற பழக்கம் உண்டு. இதை மட்டும் தயவுசெய்து மனசுக்குள் படிக்கவும்.