பைனல் அன்று பரிசம்

செனகலுக்கு எதிரான கடைசிப் பெனால்டி உள்ளே போனதும் அன்யாமா ஊரே தெருவில் இறங்கி ஆடியது. சேகா மட்டும் டிவிக்கு முன்னால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

அவரைத் தெரிந்தவர்கள் இதை நம்பவே மாட்டார்கள். அன்யாமாவுக்கும் அபிஜானுக்கும் நடுவே மினிபஸ் ஓட்டுகிறவர் சேகா. அவர் வண்டி ஹாரன் பிளிறும். ஐவரி கோஸ்ட் அணிக்கு ‘யானைகள்’ என்று பெயரிருக்கும்போது வேறெப்படி ஹாரன் வைப்பது என்பார். ஆப்பிரிக்கக் கோப்பை நாற்பது வருஷம் கழித்துச் சொந்த மண்ணுக்கு வந்திருந்தது. பைனல் நடக்கப்போகும் ஸ்டேடியமோ அவர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்.

“ஜெயிச்சுட்டோம்ப்பா,” என்றாள் மகள் பிரிஸ்கா.

“அதாம்மா பயமா இருக்கு.”

பயத்துக்குக் காரணம் அவர் வாய்தான். போன வாரம் அதே ஸ்டேடியத்தில் யானைகள் நாலு கோல் வாங்கித் தோற்றன. மறுநாள் காலை, ஏற்கெனவே பேசி வைத்திருந்தபடி, மாப்பிள்ளை செர்ழையும் அழைத்துக்கொண்டு அவனுடைய சித்தப்பா திக்பே தூரத்து ஊரான காஞ்ஞோவாவிலிருந்து பரிசத்துக்குத் தேதி குறிக்க வந்துவிட்டார். சேகா அப்போது பேசக்கூடிய நிலையில் இல்லை. பேசினார்.

பிப்ரவரி பதினொன்று, ஞாயிறு, என்று இழுத்தார் திக்பே. “அன்னிக்குப் பைனலாச்சேன்னு பாக்கறேன், சம்பந்தி.”

“யாருக்குப் பைனல்? நமக்கா? யானைக்கும் அடி சறுக்கும்பாங்க. இது சறுக்கல, குப்புற விழுந்துடுச்சு. அன்னிக்கு இந்த ஊர்ல எவனுக்கு வேலை இருக்கப் போகுது? அன்னிக்கே வச்சுக்குவோம்.”

கையடித்தும் கொடுத்துவிட்டார். அப்புறம் மற்ற நாட்டு அணிகள் தோற்ற தயவில் யானைகள் தட்டுத்தடுமாறி அடுத்த சுற்றுக்கு வந்தன. நடுவழியில் பயிற்சியாளரை மாற்றினார்கள். இப்போது நடப்புச் சாம்பியன் செனகலையே வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. இந்தப் போக்கில் போனால் பைனலே வந்துவிடும், அன்றைக்குத் தான் பந்தலில் தாம்பாளத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டிவரும் என்று சேகா கணக்குப் போட்டார்.

மறுநாளே திக்பேவுக்குப் போன் போட்டார். பரிசத்தைக் கொஞ்சம் முன்கூட்டியே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். முடியாது என்றார் திக்பே. அவர்கள் குலத்தில் மூத்த அத்தை கைப்பிடித்து வாங்கினால்தான் பெண் மருமகள். அந்த லியோந்தின் அத்தைக்கு மூட்டுவலி.

“பதினொண்ணாந்தேதிக்குத்தான் சரியாகுமாம், சம்பந்தி.”

தேதி பார்த்துச் சரியாகும் மூட்டைப் பற்றி சேகா கேள்விப்பட்டதில்லை. பந்து உருண்டையா சதுரமா என்றே தெரியாத ஒரு கிழவிக்காகத் தன் தலையெழுத்து இப்படியா என்று மனைவி ஓதெத்திடம் பொருமினார். வாயைக் கொடுத்தது யார் என்று கேட்டுவிட்டு அவள் மீன் வறுக்கப் போய்விட்டாள்.

அடுத்து மாலி. யானைகள் பத்துப் பேராகி, தோற்கிற கடைசி நிமிஷத்தில் சமன் செய்து, கூடுதல் நேரமும் முடிகிற நேரத்தில் ஜெயித்தன. சேகா பெருமை தாங்காமல் தேம்பித் தேம்பி அழுதார். அழுகை அடங்குவதற்குள் அதை உபயோகப்படுத்திக்கொள்ளலாம் என்று தோன்றவே, அந்தக் குரலிலேயே போன் போட்டார். தன் அண்ணன் அஷிக்கு உடம்பு ரொம்ப முடியவில்லை, பரிசத்தை ஒரு வாரம் தள்ளிப் போடுவோம் என்றார்.

திக்பே உருகிப்போனார். உருகியதன் பலன், வெள்ளிக்கிழமையே நோயாளியைப் பார்க்க அவர்கள் குலமே வண்டி பிடித்து வந்து இறங்கியது. வந்ததே வந்தோம், சொன்ன தேதியிலேயே பரிசத்தையும் முடித்துவிடுவோம் என்றார் திக்பே. அதற்குள் யானைகள் காங்கோவையும் சாய்த்துப் பைனலுக்கு வந்திருந்தன. அஷியை அவசரமாகப் படுக்க வைத்துக் கம்பளியால் மூட வேண்டியதாயிற்று.

“உன் பொண்ணுக்காகப் படுத்திருக்கேன்டா,” என்று கம்பளிக்குள்ளிருந்து சொன்னார் அஷி. “பைனல் முடியட்டும், உன்னைப் படுக்க வைக்கிறேன்.”

மூட்டுவலி அத்தை நன்றாகவே நடந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வேளை தவறாமல் ஏதோ கசாயத்தைப் புகட்டினாள். அதன் கசப்பில் அஷிக்கு நிஜமாகவே காய்ச்சல் வரும்போலிருந்தது.

இதில் இன்னொரு வினையும் இருந்தது. பெண் வீட்டுக்காகச் சபையில் பேச வேண்டியவர் அஷி. நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர். நோயாளி எப்படிப் பேசுவது? அவருக்குப் பதில் பேச உறவுக்காரர் போகாவைக் கூப்பிட்டார்கள். போகா ஒருமுறை இரங்கல் சொல்லப்போய், எழுந்து போக முடியாமல் துக்க வீட்டுக்காரர்களே தூங்கிவிட்டதாக ஊரில் சொல்வார்கள்.

ஞாயிறு காலை, இரண்டு நாளாக உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் முறைப்படி வெளியே போய்க் கதவைத் தட்டினார்கள். யார் நீங்கள், எங்கிருந்து வருகிறீர்கள், என்ன சேதி என்று போகா கேட்டார். சேதிக்குள் சேதியாகத் திக்பே சொன்னார். மதியம் தாண்டியும் சேதியே முடியவில்லை. தெருவில் ஆரஞ்சுச் சட்டைகள் ஸ்டேடியத்தை நோக்கி ஆறாக ஓடின. கொஞ்சம் சுருக்குங்கள் என்று சேகா காதில் ஓதியதும் போகாவுக்கு ரோஷம் வந்து, முதல் பாட்டனிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.

சேகாவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து, நீங்கள் கொண்டுவந்த சீர் எதுவும் வேண்டாம், பெண்ணை அழைத்துப் போங்கள் என்று சொல்லிவிட்டார்.

இனாமாகக் கொடுக்கிற அளவுக்குப் பெண்ணிடம் என்ன குறை என்று மாப்பிள்ளை வீட்டார் தனியே கூடிப் பேசப் போனார்கள். பிரிஸ்கா அப்பாவைப் பார்த்த பார்வையில் அவர் கூனிக் குறுகிப்போனார். பைனலும் போயிற்று, மகளின் மானமும் போயிற்று என்று உட்கார்ந்துவிட்டார்.

பொழுது சாய்ந்தது. அதுவரை மூலையில் தூங்கி வழிந்த லியோந்தின் அத்தை கண்ணைத் திறந்தாள். வெளியே போனவர்களைக் கூப்பிட்டாள்.

“உங்களுக்கெல்லாம் வாய் வலிக்கலயா? பொண்ணுல குறையில்ல, அப்பனுக்குத்தான் கிறுக்கு. இப்படி வாடியம்மா.”

சீரை இறக்கச் சொன்னாள், பிரிஸ்காவின் கையைப் பிடித்தாள், முடிந்தது பரிசம். சேகாவுக்கு அவள் காலில் விழலாம்போல இருந்தது. சாலைகள் அடைபட்டிருந்ததால் யாரும் ஊருக்குத் திரும்பவும் வழியில்லை. டிவியை முற்றத்துக்குத் தூக்கி வந்தார்கள்.

கூப்பிடு தூரத்தில் குடியிருப்பதில் ஒரு விசேஷம் உண்டு. டிவிக்கு முன்பே காற்று சேதி சொல்லிவிடும். முதல் பாதியில் ஸ்டேடியம் திடீரென ஊமையானது. டிவியில் நைஜீரியா அப்போதுதான் கார்னர் அடிக்கத் தயாராகிக்கொண்டிருந்தது. சேகா கண்ணை மூடிக்கொண்டார்.

இரண்டாம் பாதியில் வந்தது அந்த முதல் முழக்கம். தகரக்கூரை அதிர்ந்தது. சமன். அப்புறம் இன்னொன்று. திரையில் பந்து இன்னும் இடது ஓரத்தில்தான் இருந்தது, ஆனால் முற்றமே எழுந்து நின்றது. பந்து உள்ளே வந்ததும், ஒரு கால் நுனி அதில் பட்டதும் அப்புறம்தான் தெரிந்தன. கம்பளியோடு வெளியே பாய்ந்து ஆடிய அஷியைப் பார்த்துத் திக்பே, கசாயம் நன்றாக வேலை செய்கிறது என்றார்.

விசில் ஊதியபோது சேகா வெட்கமில்லாமல் அழுதார். விழுந்த இடத்திலேயே, அதே புல்லில், எழுந்து நின்று கோப்பையை வாங்கிவிட்டார்கள் பையன்கள். தன் நாட்டை நினைத்து இத்தனை கர்வம் அவருக்கு வாழ்நாளில் வந்ததில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு லியோந்தின் அத்தையிடம் போனார்.

“மன்னிச்சிடுங்க அத்தை. நாலு கோல் வாங்கின மறுநாள் நான்தான் நம்பிக்கை இல்லாம பேசிட்டேன். ஏதோ ஆண்டவன் புண்ணியம், தேதி தானா இப்படி அமைஞ்சிடுச்சு. இல்லேன்னா இந்தச் சத்தத்த நீங்க இங்க உக்காந்து கேட்டிருக்க முடியுமா?”

அத்தை ஸ்டேடியத்துப் பக்கம் காதைத் திருப்பியபடியே சொன்னாள்:

“தானா எங்கய்யா அமைஞ்சிது? நாலு கோல் வாங்கின அன்னிக்கே திக்பேகிட்டச் சொல்லிட்டேன், கோப்பை நமக்குத்தான், பைனல் அன்னிக்கு நான் அந்த வீட்ல இருக்கணும்னு. பொண்ணு பாத்தது செர்ழ். தேதி பாத்தது நான்.”